வெந்நீர் ஊற்றியவள்

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை,
வலப்பக்கமிருந்து, மூடி ஓசைப்படாமல்.
என் வேலை அவ்வளவுதான்.
பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது.
கோப்பையைப் பார்க்கலாம்.

பியான் குவாங்ஷெங்கை முதலில் பார்த்தபோது
அவரிடம் கோப்பை இல்லை.
ஊறுகாய் தீர்ந்த கண்ணாடிப் புட்டி,
கை சுடாதிருக்க அதற்கொரு கம்பளி உறை.
ஷீகூ வட்டத்தில் பன்றிகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர்,
கணக்குச் சொல்ல வந்து கடைசி வரிசையில் இருந்தார்.
அந்த வரிசைக்கு நாங்கள் ஊற்றுவதில்லை.
அவரே எழுந்து வந்து நீட்டினார்.
பூட்ஸில் சாணம்.
"அக்கா, பாதி போதும்."

பிறகு எதிலும் அவர் பாதி என்று சொல்லிக் கேட்டதில்லை.

அணை வந்தது. அணைக்குள் ஏழு ஊர் போயின.
ஊர்க்காரர்கள் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தார்கள்.
அவர்களுக்கும் வெந்நீர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.
நான்காம் நாள் அவர்கள் இல்லை.
காகிதக் குவளைகள் காற்றில் உருண்டன,
நான்தான் பொறுக்கினேன்.

அணைக்காக ஒரு படி ஏறினார்,
நெடுஞ்சாலைக்காக இன்னொன்று.
தலைமுடி வருடா வருடம் கறுத்துக்கொண்டே போனது.
யூன்லியாங் நகரக் கட்சிச் செயலாளராகப் போனபோது
ஓட்டுநரையும் என்னையும் கூட்டிப் போனார்.
"இவளுக்குத்தான் சூடு தெரியும்" என்றார்.
என் மகனுக்கு வரி அலுவலகத்தில் ஒரு மேசை கிடைத்தது.
நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நடு நாற்காலி. செம்மண் நிறத்தில் கைவினைக் கோப்பை.
அதன் விலைக்கு ஷீகூவில் வீடு வாங்கலாம் என்று
ஓட்டுநர் சொல்லித் தெரியும்.
அத்தனை நல்ல தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது,
தள்ளி நின்று ஆறவிட்டுத்தான் ஊற்றுவேன்.
ஆறுகிற நேரத்தில் காதில் விழுந்தவை:
நிலம். மைத்துனர். மறுபடி நிலம்.
எனக்குக் காது உண்டு என்பது
அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை.
ஊழலை வேரோடு பிடுங்குவது பற்றி
பதினோராம் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தார்.
பின்கதவு வழியே மூன்று பேர், சாதாரணச் சட்டையில்.
ஒருவர் குனிந்து ஏதோ சொன்னார்.
பியான் தாள்களைத் தட்டி அடுக்கினார்,
கண்ணாடியை மடித்தார்,
கோப்பைக்கு மூடியை வைத்துவிட்டு எழுந்தார்,
திரும்பி வரப்போகிறவர் போல.
மணி ஆகியிருந்தது.
ஆளில்லாத நாற்காலிக்குப் போய் ஊற்றினேன்.
யாரும் தடுக்கவில்லை. யாரும் இருமவுமில்லை.

மாலைக்குள் எல்லோரும் அவரைக் கை கழுவிவிட்டார்கள்.
பாலத்துக் கல்லில் அவர் கையெழுத்திலிருந்த நான்கு எழுத்துகளை
உளியால் கொத்தி எடுத்தார்கள்.
மழை பெய்தால் அந்த இடம் மட்டும்
இன்னும் வெளுப்பாய்த் தெரியும்.

என்னையும் விசாரித்தார்கள்.
"அவருக்கு நீ என்ன கொடுத்தாய்?"
"வெந்நீர்."
"அவர் உனக்கு?"
மேலிடத்துக்கே தண்ணீர் காட்டியவர் அவர்.
எனக்கு அந்த வித்தை வராது.
மேசையைப் பற்றிச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.
மகன் இப்போது லாரி ஓட்டுகிறான்.
புத்தாண்டுக்குக்கூட அழைப்பதில்லை.

தொலைக்காட்சியில் நீதிமன்றம் காட்டினார்கள்.
தும்பைப் பூவாய் ஒரு தலை, யாரென்றே தெரியவில்லை.
குரலால்தான் தெரிந்தது.
கட்சிக்கும் மக்களுக்கும் துரோகம் செய்துவிட்டதாக வாசித்தார்,
பக்கம் திருப்பும்போது விரலை நாக்கில் தொடும் பழக்கம் அப்படியே.
முன்னால் ஒரு காகிதக் குவளை.
யார் ஊற்றினார்களோ,
ஆவியே இல்லை.

புதிய செயலாளர் தேநீர் குடிப்பதில்லை.
வீட்டிலிருந்து குப்பி கொண்டுவருகிறார்,
தானே திறந்து தானே மூடுகிறார்.
ஆனாலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
கெண்டியோடு போய் அவர் வலப்பக்கம் நிற்கிறேன்.
உள்ளங்கையால் குப்பியின் வாயை மறைக்கிறார்.
முகத்தைப் பார்க்காமல்
அடுத்தவருக்கு நகர்கிறேன்.