பிடித்தம்

பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு
எட்டாயிரத்து ஐநூறு தருவார் தண்டல்காரர்.
மீதி, பிடித்தம்.
நூறு நாள், நாளுக்கு நூறு,
மழை பெய்தாலும் நூறு.
இதன் வருட வட்டி எவ்வளவு என்று
பி.காம். இரண்டாம் ஆண்டு வகுப்பில்
கரும்பலகை நிறையப் போட்டுப் பார்த்தோம்.
விடை வந்தபின்
யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

அந்த டீக்காசுதான் முதல்.
பதினோரு பேர், வாரம் ஐம்பது.
நிசார் மட்டும் முப்பது,
மின்ட் வரை நடந்தே வருகிற வாரங்களில் நாற்பது.
யாருடைய பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலோ
ஆறாயிரத்து இருநூறு சேர்ந்தது.

தண்டையார்பேட்டை மார்க்கெட் ஓரம்
அத்தோ போடும் ஜெபமாலை அக்காவுக்குக் கொடுத்தோம்.
வாடகை வண்டிக்கே நாளுக்கு எண்பது போகிறதாம்;
கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய வண்டி
விலைக்கு இருந்தது.
வட்டி இல்லை. பிடித்தம் இல்லை.
கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டதற்கு
"பத்தாவது பாஸுப்பா நானு" என்று
என் பேனாவைப் பிடுங்கினாள்.

செவ்வாய்தோறும் முந்நூறு.
ஏழு செவ்வாய் தவறவில்லை.
எட்டாவது வாரம் புயல்.
முழங்கால் தண்ணீர், அதன்மேல்
எங்கிருந்தோ வந்த எண்ணெய்ப் படலம்.
வண்டியின் ஒரு சக்கரத்தைக் காணோம்.

பரீட்சைக் கட்டணம் கட்ட வெள்ளி கடைசி.
மூன்று பேர் பங்கைத் திரும்பக் கேட்டார்கள்.
நோட்டை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

சக்கரமில்லாத பக்கம் செங்கல் அடுக்கி
வெங்காயம் வறுத்துக்கொண்டிருந்தாள்.
என்ன பேசுவதென்று தெரியாமல்
நோட்டைப் பிரித்தேன்.
விரலை எச்சில் தொட்டுப் பக்கம் தள்ளினேன்.
குண்டு பல்ப் வெளிச்சத்தில்
எதிர்ச் சுவரில் என் நிழல்:
அக்குளில் பை, இடுப்பில் கை,
தலை ஒரு பக்கம் சாய்ந்து.
அந்த நிற்பு இந்தத் தெருவுக்கே தெரியும்.

அக்காவும் பார்த்துவிட்டாள் போல.
"உக்காரு மொதல்ல.
போன வாரம் ஏன் வரல?
எடுத்து வச்சிருந்தேன், அரிசிக்குப் போச்சு.
கடன் குடுத்தவங்க லீவு போடக் கூடாதுப்பா."

நனைந்து காய்ந்த நோட்டுகள்,
இருநூற்று எழுபது.
முப்பது கம்மி என்று அவளேதான் சொன்னாள்.
பிறகு அரை பிளேட் அத்தோ,
வாழைத்தண்டு சூப் தனியாக.
விலை கேட்டேன்.
"முப்பது."

வரவு முந்நூறு என்று எழுதினேன்.
பாக்ஸில் விழாத முப்பதை
எந்தத் தலைப்பில் போடுவது?
எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.
பிடித்தம் என்றே எழுதினேன்.

மீதி மூவாயிரத்து எண்ணூறு.
வெள்ளிக்கு நடுவில் இரண்டு நாள் இருக்கிறது.