முந்நூறு சொற்களுக்கு மிகாமல்

உங்கள் குறிக்கோள் என்ன,
கேட்கிறது உதவித்தொகைப் படிவம்.

வினிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில்
நாற்பத்தேழாம் இழுப்பறையை இழுத்தால்
ஒரு ஜோடி மான்தோல் காலணி.
அட்டையில் எவருடையதோ சாய்ந்த கையெழுத்து:
'க்ரீ, பெண். பாசிமணி வேலை. நல்ல நிலை.'

இடது ரோஜாவின் ஓர் இதழில்
நூற்றுப் பன்னிரண்டு சிவப்பு மணிகள்.
இல்லை, நூற்றுப் பதினொன்று.
ஒன்று நீலம்.

ஸ்கேனர் பார்த்தது, மென்பொருள் மென்றது,
திரையில் விரிந்த இதழ் முழுச் சிவப்பு.
பிழை நீக்கப்பட்டது என்று
மூலையில் ஒரு பச்சைக் குறி.

சிவப்பு தீர்ந்துபோயிருக்கலாம்.
விளக்கு மங்கியிருக்கலாம்.
வேண்டுமென்றேகூட.
"மாமியார் மேல் கடுப்பு" என்றான் டெல்பர்ட்,
அவனும் என்னைப்போல் க்ரீ.
சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

மூன்று வாரம் நிரலைக் கிளறி
அந்த ஒற்றை வரியை அணைத்தேன்.
நீலம் வந்தது.
கூடவே தூசி, ஒரு முடி,
நூல் அறுந்த இடம்.
வரட்டும்.

அவள் பெயரைக் கண்டுபிடிப்பேன் என்று
எழுத மாட்டேன்.
'தெரியவில்லை' என்று அந்தக் கட்டத்தை
மூடவும் மாட்டேன்.
யாருக்குத் தெரியவில்லை?
ஊரில் எந்தச் சமையலறைச் சுவரிலாவது
அதே ரோஜா தொங்கிக்கொண்டிருக்கும்.
படம் முதலில் அங்கே போகட்டும்,
பிறகு உலகத்துக்கு,
அவர்கள் சரி என்றால்.

இன்னும் இருநூறு சொற்கள் மீதமாம்.
கையுறையோடு காலணியைப் புரட்டுகிறேன்.
நல்ல நிலையா?
வலது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்து
கிட்டத்தட்ட ஓட்டை.

என் பூட்ஸும் அங்கேதான் தேயும்.