பிரேக் மிதிக்கிற கால்

ஷூவைக் கவிழ்த்தபோது
ஒரு காசு விழுந்தது.
ஐம்பது தெத்ரி.
யாரோ ஒரு பயணி நீட்டிய சில்லறை
வண்டி குலுங்கியதில் உள்ளே நழுவி
மூன்று நாள் என் அண்ணனின் பாதத்துக்கடியில்
ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறது.
கோச்சாவுக்குத் தெரியவில்லை.
அவன் காலுக்கே தெரியவில்லை.
காசு இருந்த இடத்தில் காசளவு புண்.

அது மே மாதம்.
ஆகஸ்டில், குத்தாய்சி ஆஸ்பத்திரியில்,
சர்ஜன் தன் பேனா மூடியால்
முழங்காலுக்குக் கீழே
காற்றில் ஒரு கோடு போட்டார்.
"செவ்வாய்க்கிழமை. இங்கே கையெழுத்து."
அவர் கெட்டவர் இல்லை.
தூங்கி இரண்டு நாள் ஆனவர்.
"காலா ஆளா என்றால்
நான் ஆளைத்தான் சொல்வேன், அம்மா."

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
"வலது கால், நானுலி," என்றான்.
"பிரேக் மிதிக்கிற கால்."

ஒரு வாரம் கேட்டேன்.
காய்ச்சல் ஏறினால் ஒரு மணிநேரம்கூடத் தரமாட்டேன்
என்று சொல்லித் தந்தார்.

அந்த வாரம் வீடு நிறைய வைத்தியம்.
பக்கத்து வீட்டு மக்வாலா தேன் கொண்டுவந்தாள்,
மடத்திலிருந்து எண்ணெய் வந்தது,
முட்டைக்கோஸ் இலை வந்தது.
பத்தூமியில் ஒருவனுக்குப் புழு விட்டே ஆறியதாம்.
ஆக்சிஜன் அறைக்கு விலை கேட்டு
போனை வைத்துவிட்டேன்.
எல்லோருக்கும் ஒரு கால் தெரிந்திருந்தது,
எல்லாம் பிழைத்த கால்கள்.
பிழைக்காத கால்களைப் பற்றிச் சொல்ல
யாரும் படியேறவில்லை.

புண்ணைத் தொட்ட பஞ்சுக்குச்சியை
ஃபிளாஸ்க்கில் ஐஸோடு வைத்து
அதிகாலை ரயிலில் திபிலிசி போனேன்.
எதிர் இருக்கைக்காரர் ஃபிளாஸ்க்கையே பார்த்தார்,
"தேநீர் ஒரு வாய் கிடைக்குமா?"
"இது அந்த மாதிரி இல்லை," என்றேன்.
தன் ரொட்டியில் எனக்குப் பாதி தந்தார்.

ஆய்வகத்தில் ஒரு பெண், சில்லிட்ட விரல்கள்.
கிருமியைத் தின்னும் கிருமிகள் அவளிடம் இருந்தன,
ஆற்றிலும் சாக்கடையிலும் அள்ளி வளர்த்தவை.
நாலாம் நாள் ஒரு கண்ணாடித் தட்டை
ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
மங்கிய படலத்தில்
மழை விழுந்த மாதிரி தெளிந்த வட்டங்கள்.
"இந்த இடத்தில் எல்லாம் உங்கள் அண்ணனின் கிருமி தோற்றிருக்கிறது."
பிறகு குரலை இறக்கினாள்:
"ரத்தம் போகாத காலில் இது என்ன செய்யும்?
குழாயை யாராவது பார்த்தார்களா?"

பார்க்கவில்லை.
மூன்று மாதம் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கணுக்காலில் நாடி துடிக்கிறதா என்று
ஒருவர்கூட விரல் வைக்கவில்லை.
நானும்தான்.

ஆறாம் நாள்
அவனுடைய வண்டியில் அவனையே படுக்கவைத்து
ரிகோத்தி மலைப்பாதையில் நான் ஓட்டினேன்.
ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து குரல்:
"குத்தாதே. அழுத்து.
பிரேக் உன் எதிரி இல்லை."
திபிலிசியில் ரத்தக்குழாய் டாக்டர்
படத்தைப் பார்த்துவிட்டு
கால் பங்குதான் வாய்ப்பு என்றார்.
அந்தக் கால் எனக்குப் போதும்.

தொடையிடுக்கு வழியே ஒரு பலூன் போனது.
அன்றிரவு அவன் பாதத்தைத் தொட்டேன்,
சுட்டது.
நர்ஸைக் கூப்பிட ஓடினேன், காய்ச்சல் என்று.
அவள் சிரித்தாள்:
"கால் என்றால் சூடாகத்தான் இருக்கும்."

கறுத்திருந்த இரண்டு விரல்கள் போயின.
எங்கே போட்டார்கள் என்று ஒருமுறை கேட்டான்,
பிறகு கேட்கவில்லை.
பில் வந்ததும் வண்டி போயிற்று.
சாவி கொடுக்கும் முன்
ஸ்குரூடிரைவர் எடுத்து
பக்கக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிக்கொண்டான்.
வாங்கியவன் பத்து லாரி குறைத்தான்.

இப்போது அது தரையில், அவன் கட்டிலருகே.
தினமும் காலையில்
பாதத்தை அதன்மேல் தூக்கிப் பிடித்து
குனிந்து பார்க்கிறான்.
புண் இன்னும் மூடவில்லை,
ஒரு பயறளவு இருக்கிறது.
கையெழுத்தில்லாத அந்தத் தாள்
என் பையிலேயே மடிந்து கிடக்கிறது,
கிழிக்கத் தைரியம் வரவில்லை.

"பின்னால் ஏதாவது வருகிறதா?" என்று கேட்பேன்,
காப்பிக்குத் தண்ணீர் வைத்தபடி.

கண்ணாடியைக் கொஞ்சம் திருப்புவான்.
"வருகிறது," என்பான்.
"தூரத்தில்தான்."