நாற்பத்தோரு மைல்

பதினேழு ஓட்டில் ஜெயித்தாள் தெக்லா ஒலெக்சின்.
பதினேழில் என்னுடையது இல்லை.
அது தெரிந்துதான் என்னை வேலைக்கு எடுத்தாள்:
தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு பேரேடு.
"எனக்குப் போடாதவர்கள் ஏன் போடவில்லை என்று
சொல்ல ஒருத்தி வேண்டும்."

விதைப்புக் காலத்துத் தேர்தல் அது.
சஸ்காட்சவனில் மே மாதம்
கடவுளே வரப்பில் வந்து நின்றாலும்
டிராக்டரை விட்டு எவனும் இறங்கமாட்டான்.
ஆகவே அவள் ஏறினாள்.
வயலை ஒரு சுற்று சுற்ற இருபது நிமிடம்,
அதுவரை ஓட்டுபவன் காது எங்கும் ஓடமுடியாது.
மறுமுனையில் குதித்து
புழுதியோடு அடுத்த வேலிக்கு நடப்பாள்.
மருத்துவமனையை மூடவிடமாட்டேன்:
ஒவ்வொரு சுற்றிலும் சொன்னது இது ஒன்றுதான்.
கோல்டர் க்ரீக்கில் பதினோரு படுக்கை,
அவளுடைய பிள்ளைகள் நான்கும்
முதல் குரல் எடுத்த இடம்.

ரெஜைனாவில் கடைசி வரிசை.
ஒலிவாங்கி ஆண்களின் கழுத்துக்கு அளவெடுத்தது.
முதல் பேச்சின் நடுவே எதிர்வரிசையிலிருந்து ஒருவர்:
"அறுவடை ஆட்களுக்கு வீட்டில் யாரம்மா சமைக்கிறது?"
"உறைபெட்டியில் நாற்பது டப்பா இருக்கிறது.
சூடாக்க ஓரெஸ்டுக்குத் தெரியும்.
உங்கள் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் என்று
உங்களுக்குத் தெரியுமா ஐயா?"
அவைக்குறிப்பில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.
அடைப்புக்குறிக்குள் சிரிப்பொலி என்று மட்டும் இருக்கிறது.

பன்னிரண்டு வருடம்.
சரளைச் சாலை, பள்ளிப் பேருந்து,
பனிவாரும் வண்டி வராத செவ்வாய்க்கிழமைகள்,
ஒரு விதவையின் ஓய்வூதியத்தில் விடுபட்டுப்போன ஓர் எழுத்து.
நள்ளிரவில் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் வைப்பவன் ஒருவன்,
அவனையும் எழுதச் சொன்னாள்:
'பேசவில்லை. மூச்சு வாங்கியது.'
சட்டமன்றச் செருப்பும் கோழிக்கூட்டுச் செருப்பும்
காரின் பின்னிருக்கையில் அருகருகே கிடக்கும்.
ஒருமுறை மாறிப்போய்
வரவுசெலவு அறிக்கைக்கே வைக்கோலோடு போனாள்.
பேரேடு ஒன்பது ஆனது.
மூன்றாம் முறை அமைச்சரவையில் சேர்த்தார்கள்,
கஜானாவில் காற்று மட்டும் இருந்த வருடம்.

பட்டியல் வந்தது. முப்பத்தெட்டு மருத்துவமனைகள்.
பத்தொன்பதாவது எங்களுடையது.
அன்று அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம்.
சிலருக்கு வந்தது.
அவள் எழுந்து நின்று ஆம் என்றாள்,
அன்றிரவே பனிப்புயலில் மூன்று மணிநேரம் ஓட்டிவந்து
சமூகக்கூடத்தில் அதே வாயால் சொன்னாள்:
பணம் இல்லை. கை தூக்கியது நான்தான்.
இனி நாற்பத்தோரு மைல்.

யாரும் கத்தவில்லை.
நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள்.
அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாக.
இரும்பில் இரும்பு மோதும் சத்தத்தில்
கடைசி வாக்கியம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

அதன்பிறகு தொலைபேசியை என்னைத் தொடவிடவில்லை.
வசவுகளை அவளே எழுதினாள்,
தேதி, பெயர், வந்த சொல் வந்தபடி.
மூச்சு வாங்குபவன் அந்த வாரம்
முதல்முறையாகப் பேசினான்.
அவன் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

அடுத்த தேர்தலில்
இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றாள்.
அந்தமுறைதான் நான் அவளுக்குப் போட்டேன்.
சொல்லவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால்
என்னிடம் பதில் இருந்திருக்காது.

ஜூனில் ஏலம்.
கட்டில்கள், சூப் அண்டா, ஒரு சக்கரம் இல்லாத சக்கர நாற்காலி,
எல்லாம் புல்லில் வெயில் காய்ந்தன.
ரப்பர் பூட்சோடு வந்து கடைசியில் நின்றாள் தெக்லா.
பச்சைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு மேசைக்கு வந்தபோது
ஐந்து டாலர் என்றாள்.
ஏலக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்தார்.
ஒரு தரம்.
இரண்டு தரம்.
மிக நீண்ட மூன்றாம் தரம்.
எதிர்த்துக் கேட்க ஒரு கை எழவில்லை.
அது மரியாதையா, தண்டனையா,
கையைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்கே தெரியாது.

இப்போது அதில் பூண்டு நிறுக்கிறாள்.
போன வாரம் ஒரு பை கொண்டுவந்து
என் படியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:
இரண்டு அவுன்ஸ் கூடக் காட்டும்,
கழித்துக்கொள்.