இடப்பக்கம்

"மல்லாக்கப் படுங்க ஆச்சி,
காலுக்கு நடுவில தலையணை.
வலப்பக்கத்தை மறந்துருங்க."
பிசியோதெரபி பெனிட்டா சொல்லிவிட்டுப்
பள்ளத்தூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மல்லாந்தால் உத்தரக் கட்டைகள்.
பதினேழு.
நேற்று பதினெட்டு.

பஞ்சுத் தலையணை நழுவுகிறது,
ரெண்டு வைத்தால் தொடை விண்ணென்கிறது.
கடைசியில் நின்றது
இவருடைய எட்டு முழ வேட்டி,
சுருட்டி, நாடாவால் கட்டியது.

ராமேஸ்வரம் வண்டி
கானாடுகாத்தானைத் தாண்டும்போது
இடுப்புக்குள் இருக்கிற புதுசும்
விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆறாவது வாரம்
இடப்பக்கம் திரும்பலாம் என்றார்கள்.
இடப்பக்கம் இவர்.

என்னைக் கேட்காமல்
வீட்டுப் பங்கைத் தம்பிக்கு
எழுதிக்கொடுத்த ராத்திரியிலிருந்து
வலப்பக்கச் சுவரோடுதான் என் தூக்கம்.
அந்தச் சுவரில்
எந்த இடத்தில் சுண்ணாம்பு உப்பியிருக்கிறது
என்று இருட்டிலும் சொல்வேன்.

பிடித்துப் பிடித்துத் திரும்பினேன்.
பல்செட்டைக் கழற்றிய கன்னம்
உள்ளே போகிறது, வெளியே வருகிறது.
புருவத்தில் ஒரு தழும்பு.
எப்போது விழுந்தார்?

வேட்டி முட்டிக்கு நடுவே
சரியாக உட்கார்ந்துவிட்டது.
வலி ஒரு படி இறங்கியது.

காலையில் கேட்க வேண்டும்,
முதலில் தழும்பை.
பங்கை அப்புறம்.