முப்பத்தொன்றாம் எண்

அஞ்செட்டி சாலையில்
பலகை துருப்பிடித்த இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் எங்கள் நிலையம்.
பலகையில் இன்னும் ‘வெக்கை நோய் ஊநீர் நிலையம்’ என்றே இருக்கிறது.
வெக்கை ஒழிந்து பதினைந்து வருடம் ஆகப்போகிறது.
பெயர் மாற்றும் கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது.
வரும்.

முதல் பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன்,
கரையான் தின்றது போக மிச்சம்.
தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை:
ஊர்ப் பெயருக்கு நேரே
செத்த மாடுகளின் எண்ணிக்கை, பச்சை மையில்.
உரிகத்துக்கு நேரே எண் இல்லை.
‘எல்லாம்’ என்று எழுதியிருக்கிறார் யாரோ.

பிழைத்த எருமையின் ரத்தத்தைச் சீசாவில் நிறுத்தி
சிவப்பு அடியில் தங்கியதும்
மேலே தெளிந்த மஞ்சளை எடுத்து
அடுத்த ஊர்க் கன்றுக்குப் போட்டார்கள்.
மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ் ஒன்று, சைக்கிள் இரண்டு, ஈரச் சாக்கு.
அறுபது வருடம்.
பிறகு ஒருநாள்
உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று தாள் வந்தது.
சாயங்காலம் லட்டு கொடுத்தார்களாம்.
மறுநாள் காலை பதினேழு பேர் வந்து
கையெழுத்துப் போட்டுவிட்டு
என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

குதிரைகள் வந்தது அதற்கப்புறம்.

லாயம் பார்ப்பவர் பெயர் நஞ்சப்பா.
பெயரைச் சொல்லி எல்லோரும் சிரித்தாயிற்று,
அவரும் சிரித்தாயிற்று.
முப்பத்தொன்றாம் எண்ணை அவர் மட்டும் கெம்பி என்பார்.
முதல் ஊசியில்
கடுகை நூறாக உடைத்தால் ஒரு துண்டு, அவ்வளவு விஷம்.
கழுத்து வீங்கும். ஒருநாள் கொள்ளு தின்னாது.
வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுவோம்.
நாலாம் மாதம்
லாயத்தையே சாய்க்கிற அளவு உள்ளே போகும்,
அது வாலால் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கும்.
அப்போதுதான் ரத்தம் எடுப்பது.
சிவப்பை அன்றே திருப்பி ஏற்றிவிடுவோம்,
மஞ்சள் எங்களுக்கு.
‘திருடினவன் பாதியைத் திருப்பி வெச்ச கணக்கு’ என்பார் நஞ்சப்பா.
நான் லிட்டரை எழுதுவேன்.

போன ஆவணியில் ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன்.
ருத்ரம்மா, வயது முப்பத்து நாலு,
கேழ்வரகுக் கொல்லை, கண்ணாடி விரியன், இடது கணுக்கால்.
ஆஸ்பத்திரியில் மருந்து ஆறு சீசாதான் மிச்சம்.
எங்கள் ஜீப் இருபது சீசாவோடு போனது.
பாதி வழியில் யானை நின்றதால்
விளக்கை அணைத்து நாற்பது நிமிடம்.
அங்கே அவள் ரத்தம்
கண்ணாடிக் குழாயில் உறையாமல் தண்ணீராகவே நின்றதாம்.
விடியும் நேரம் குழாயைச் சாய்த்தார்கள்.
ரத்தம் சாயவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவளே வந்தாள்.
நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நாற்காலி போட்டேன்.
முழங்கையைக் காட்டினாள். தடிப்புத் தடிப்பாக.
முட்டி வலி, காய்ச்சல்.
‘என்னாத்த ஊசி போட்டீங்க?’

டாக்டர் பாக்கியவதி உட்கார வைத்துச் சொன்னார்:
விஷம் போய்விட்டது,
இப்போது உன் உடம்பு குதிரையோடு சண்டை போடுகிறது.
வந்தது வெளியாள் என்று தெரியும்,
உதவிக்கு வந்தது என்று அதற்குத் தெரியாது.
பத்து நாள் மாத்திரை. சரியாகும்.
ஆனால் குதிரையை அது மறக்காது,
அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இதைச் சொல்.

ருத்ரம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்தாள்.
எந்தக் குதிரை என்று கேட்டாள்.
பதினாலு குதிரையின் மஞ்சள் ஒன்றாய்க் கலந்தது என்றேன்.
அதெல்லாம் வேண்டாம், காட்டுங்க என்றாள்.

கதவுக்குப் பக்கத்தில் நின்றது கெம்பி,
நஞ்சப்பா அதைக் கைகாட்டினார்.
ரொம்ப நேரம் பார்த்தாள், கையைச் சொறிந்துகொண்டே.
கழுத்தில் நேற்றைய ஊசியின் முண்டு.
தோல் அங்கே மட்டும் துடித்துத் துடித்து அடங்கியது.

‘இதுக்கும் அரிக்குதா?’

நஞ்சப்பாவுக்கு இருபது வருட சர்வீஸ்.
ஆமாம் என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
அதற்குள் அவள் கம்பிக்குள் கைவிட்டு
முண்டுக்குக் கீழே,
வலிக்காத இடமாகப் பார்த்து,
சொறிய ஆரம்பித்திருந்தாள்.

நாலு பத்து பஸ் போய்விட்டது.
அடுத்தது ஆறரைக்குத்தான்.