பதினொன்றில் நான்கு

தெருவில் நின்று எண்ணினால் ஜன்னல் பதினொன்று.
உள்ளே வந்தால் ஏழுதான்.
டேப்பை இரண்டு முறை ஓட்டினேன்.

கோனாபட்டு வயிரவன் செட்டியார்
சைகோன் கடையிலிருந்து கொண்டுவந்த படம்:
போர்தோவில் யாரோ ஒரு துரையின் மாளிகை,
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
ஜன்னலுக்கு வரி போட்ட காலத்தில்
துரையின் வாரிசு நான்கை அடைத்துவிட்டான்.

செட்டியாருக்கு அது தெரியாது.
கொத்தனார் செவத்தியான் கேட்டானாம்,
'இதில் காற்று வராதே?'
'படத்தில் உள்ளபடி கட்டு.'

முட்டைச் சுண்ணாம்பில் மூடியே பிறந்தன நான்கும்;
வெளியே பர்மாத் தேக்கில் கதவு, பித்தளைக் கொக்கி.

அதில் ஒன்றின் பின்னால்தான்
மருமகள் உமையாளை வேறு வைத்தார்கள்.
வெறுஞ்சுவரில் திரை மாட்டினாள்.
சாயங்காலம் விலக்கிவிடுவாளாம்.

ஆணி இரண்டும் இருக்கின்றன.
இடையே நாலடி இரண்டங்குலம்.